ஜமைக்காவோட ரெக்கே பாடகர் பாப் மார்லி மேடையில ரெண்டு கட்சித் தலைவர்களையும் கை கோக்க வச்சாரே, அதால ஏதாவது மாறுச்சா?

கிட்டார்பையன்:
1978 ஏப்ரல் 22, ஜமைக்கா கிங்ஸ்டன்ல ஒன் லவ் பீஸ் கான்சர்ட். பாட்டு ஓடிட்டிருக்கும்போதே மார்லி, பிரதமர் மைக்கேல் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்குக் கூப்பிட்டு ரெண்டு பேர் கையையும் சேத்து தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கிறாரு. பாக்குறப்பல்லாம் புல்லரிக்குது. ஆனா 1980 எலக்‌ஷன் வருஷத்துல கட்சிச் சண்டையில 800 பேருக்கு மேல செத்தாங்கன்னு படிச்சதும் மனசு விட்டுப்போச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தெற்குத்தெரு:
1976ல இருந்து பாக்கணும் தம்பி. மார்லி ஜனங்களுக்காக ஒரு இலவச கான்சர்ட் ஒத்துக்கிட்டாரு, கவர்மெண்டும் கூட சேந்துச்சு, அதுக்கப்புறம் எலக்‌ஷன் தேதிய டிசம்பர் 15ன்னு அறிவிச்சுட்டாங்க, அவ்ளோதான், ஊரே அவர மேன்லி ஆளுன்னு பேச ஆரம்பிச்சுருச்சு. டிசம்பர் 3 ராத்திரி மார்லியோட ஹோப் ரோடு வீட்டுக்குள்ள பூந்து சுட்டாங்க, அவருக்கும் மனைவி ரீட்டாவுக்கும் மேனேஜருக்கும் குண்டடி. ரெண்டே நாள்ல அந்தக் காயத்தோட மேடை ஏறுனாரு, அப்புறம் நாட்ட விட்டே போயிட்டாரு. இவ்வளவு பட்டவர் திரும்பி வந்து அதே மேன்லி கையைப் பிடிக்கிறார்னா அத வெறும் போட்டோவா என்னால பாக்க முடியல.

ரெக்கே ரசிகை:
ரெண்டு பேருமே முக்கியமானத விட்டுட்டீங்க. அந்தக் கான்சர்ட்டுக்குக் காரணமே ரெண்டு கட்சி கும்பல்களுக்கும் நடுவுல வந்த சமாதானம்தான், அத ஆரம்பிச்சது தலைவர்கள் இல்ல. கிளாடி மாசப், பக்கி மார்ஷல்னு எதிரெதிர் கட்சி ஏரியாவோட ரெண்டு தாதாங்க ஜெயில்ல ஒண்ணா இருந்தப்போ பேசி முடிவு பண்ணது, மாசப் லண்டன் வரைக்கும் போய்தான் மார்லிய சம்மதிக்க வச்சாரு. இன்னொண்ணு, சியாகா இசைக்குப் புதுசு இல்ல, அரசியலுக்கு முன்னாடியே ரெக்கார்டு கம்பெனி நடத்துனவரு! அதே ஆளு மந்திரியானதும் ராஸ்தாக்கள் (மார்லி பின்பற்றுன ராஸ்தஃபாரி மதத்துக்காரங்க) இருந்த பேக் ஓ வால் சேரிய புல்டோசர் விட்டு இடிச்சு டிவோலி கார்டன்ஸ்னு ஒரு குடியிருப்ப கட்டி தன் கட்சிக்காரங்கள குடி வச்சாரு. வீடு வேணுமா, வேலை வேணுமா, கட்சிக்குள்ள வா. அந்த ஏற்பாட்ட ரெண்டு கட்சியும் கடைசி வரைக்கும் கைவிடல, அதான் சண்டையோட வேரு. ஒரு பாட்டு எப்படிங்க அதப் பிடுங்கும்? 1979ல மாசப்ப போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு, அடுத்த வருஷம் மார்ஷல் நியூயார்க்ல கொலையானாரு. சமாதானம் பேசுன ரெண்டு பேரும் போயாச்சு, கை கோத்த தலைவர்கள் ரெண்டு பேரும் பல வருஷம் அரசியல்ல இருந்தாங்க. எனக்கு இது இன்னைக்கும் ஆறல.

கிட்டார்பையன்:
இது எதுவுமே தெரியாதுக்கா. அப்போ மார்லிய யூஸ் பண்ணிக்கிட்டாங்கன்னு சொல்றீங்களா?

ரெக்கே ரசிகை:
பண்ணிக்கிட்டாங்க, ஆனா அவரு யாருக்கும் ஓட்டு கேக்கல. 1980ல ஜிம்பாப்வே சுதந்திர விழாவுக்கு சொந்தக் காச செலவு பண்ணிப் போய் பாடுனவரு. 1981ல அவரு இறந்தப்போ அரசு மரியாதையோட அடக்கம், இரங்கல் உரை பேசுனது பிரதமரா இருந்த சியாகா.

தெற்குத்தெரு:
மார்லியோட பழைய இசைக்குழுக்காரர் பீட்டர் டாஷ யாரும் சொல்லலயே? அதே ராத்திரி தலைவர்கள எதிர்ல உக்கார வச்சே கஞ்சா சட்டத்தையும் போலீஸையும் மைக்ல கிழிச்சாரு. சில மாசத்துலயே போலீஸ் அவர அடிச்சு மண்டைய உடைச்சுது. கை கோக்க வச்ச வீடியோதான் எல்லாரும் பாக்குறாங்க, டாஷ் பேசுனதையும் கேக்கணும்.

கிட்டார்பையன்:
அது ஆடியோவா கிடைக்குமாண்ணே?

தெற்குத்தெரு:
கிடைக்கும், அவரோட அன்னைக்கு கச்சேரி பேச்சோட சேத்து ஆல்பமாவே வந்திருக்கு. ஹெட்போன் போட்டு கேளு, ஜமைக்கா பேச்சு வழக்கு மொதல்ல புரியாது, ரெண்டு மூணு தடவ ஓட்டிப் பாரு.