கழிகூர்ப்பா, தேய்கூர்ப்பா?

உயிரியல் ஆசிரியை, வெள்ளவத்தை:
உயர்தரப் பிள்ளைகளின் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன். சக்குலினா என்ற நண்டு ஒட்டுண்ணியைக் குடம்பியாக, அதாவது இளம் பருவத்தில், பார்த்தால் கொட்டலசின் (பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிர், barnacle) சொந்தம் என்று தெரியும். நண்டைப் பிடித்ததும் காலும் ஓடும் போய்விடும். நண்டுக்குள் வேர்போலப் பரவி, வயிற்றடியில் ஒரு பை மட்டும் வெளியே தள்ளி நிற்கும். குடல்கூட இல்லை. தனித்து வாழ்ந்த மூதாதை கூர்ப்பில் (evolution) இப்படி உறுப்புகளை இழந்து எளிமையானதற்கு என்ன பெயர்? இப்போதைக்கு 'சீரழிவு' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:
பிள்ளை, சிக்கல் 'கூர்ப்பு' என்பதிலேயே தொடங்குகிறது. "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்கிறது தொல்காப்பிய உரியியல். உள்ளது மிகுவதே கூர்ப்பு; குறைவது எப்படிக் கூர்ப்பாகும்? ஆனால் பக்கத்திலேயே 'கழிவு' கிடக்கிறது பாருங்கள். அன்றைக்கு மிகுதி, இன்றைக்கு நீக்கம். 'கழிகூர்ப்பு' என்று வையுங்கள். கழிபேருவகையில் வரும் அதே கழிதான். உப்பங்கழியின் கழியும் இதுதானா என்பது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், தெஹிவளை:
மாஸ்டர், கழிகூர்ப்பு என்றால் பிள்ளைகளுக்குக் கழிவறைதான் ஞாபகம் வரும். கூர்ப்பைத் தமிழ்நாட்டில் பரிணாமம் என்கிறார்கள். 'பரிணாமத் தேய்வு' என்றால் அங்கேயும் விளங்கும்.

தமிழாசிரியர்:
பரிணாமம் வடசொல். நம்மிடம் கூர்ப்பு இருக்கும்போது கடன் எதற்கு?

விலங்கியல் விரிவுரையாளர், பம்பலப்பிட்டி:
சீரழிவு வேண்டவே வேண்டாம். 1880இல் பிரித்தானிய விலங்கியலாளர் லங்கெஸ்டர் அப்படித்தான் பேசி, மனித நாகரிகம் வரைக்கும் அதை இழுத்துவிட்டார். மிக்சோசோவா என்ற நுண் ஒட்டுண்ணிகளைப் பாருங்கள். ஜெல்லிமீனின் உறவு, சிலவற்றில் உடம்பே விரல்விட்டு எண்ணக்கூடிய கலங்கள் (செல்கள்) தான். சால்மன் தசையில் வாழும் ஒன்றுக்கு இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டிஎன்ஏயே இல்லை என்று 2020இல் கண்டார்கள். ஆனால் பற்றிக்கொள்ள உதவும் கொட்டுநூல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கிறது, அவ்வளவுதான். 'தேய்கூர்ப்பு' என்போம். வினைத்தொகை, தேய்ந்ததும் தேய்வதும் இனித் தேய்வதும் அடங்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
'க்' மிகாதே, நல்லது. தட்டெழுத்துப் பிழையும் குறையும்.

தமிழாசிரியர்:
தேய்பிறை மறுபடி வளரும். சக்குலினாவுக்குக் கால் முளைக்குமா?

ஆசிரியை:
சரி மாஸ்டர், அச்சகத்தார் இரண்டு தடவை கோல் எடுத்துவிட்டார்கள். தேய்கூர்ப்பு என்றே கொடுத்துவிட்டேன். கீழே ஒரு வரி விளக்கமும் உண்டு.

தமிழாசிரியர்:
அச்சாகட்டும். என் வாக்கு கழிகூர்ப்புக்கே. உப்பங்கழி பற்றி நாளைக்கு.