அமைதிப்படைக்குப் போன பெரியப்பா தீபாவளி கொண்டாடாதது ஏன்?

சிவகங்கைக்காரன்:
பெரியப்பா 1987-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர், போன வருடம் தவறிவிட்டார். பட்டாளத்துக் கதையை விடிய விடியச் சொல்வார், ஆனால் யாழ்ப்பாணம் என்று யாராவது வாயெடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் கிடையாது, பலகாரம் தொட மாட்டார். காரணம் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. தமிழர்களைக் காப்பாற்றத்தானே போனார்கள், அப்புறம் என்னதான் நடந்தது?

பனங்கூடல்:
தம்பி, பெரியப்பா எங்கே நின்றார், என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தீபாவளியை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் மறக்கவில்லை. 1987 அக்டோபர் 21. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டது. நோயாளிகள், வைத்தியர்கள், தாதியர் என்று 60 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 21 பேர் அங்கே வேலை செய்தவர்கள். மறுநாள் காலை ஒரு குழந்தை வைத்தியர், நாங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் என்று சொல்லிக் கையைத் தூக்கியபடி தாதியரோடு வெளியே வந்தார், அவரையும் சுட்டார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் அந்த 21 பேரின் படங்களையும் வைத்து ஆஸ்பத்திரியில் விளக்கேற்றுகிறார்கள்.
எங்கட அம்மம்மா அந்த நாட்களில் நல்லூர்க் கோயிலில் கிடந்தவர், ஊரே அங்கேதான். ஜூலையில் வந்த இந்திய ஆமிக்கு மாலை போட்டவர்களில் அவவும் ஒருத்தி, அதைச் சொல்லும்போதுதான் அவவுக்குக் குரல் உடையும்.

எல்லைக்கல்:
ஆஸ்பத்திரிக்குள் இருந்து புலிகள் முதலில் சுட்டதாகப் படைத்தரப்பு சொன்னது, அதையும் சொல்ல வேண்டும். கைதான புலிகள் 12 பேர் சயனைடு தின்று செத்த பிறகு கிழக்கில் சிங்களக் குடிமக்களைப் புலிகள் கொன்றதையும் மறைக்கக் கூடாது.

பனங்கூடல்:
யார் முதலில் சுட்டிருந்தாலும், கட்டிலில் கிடந்த நோயாளி என்ன செய்தார்?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
நானும் பட்டாளத்தான், இலங்கைக்குப் போகவில்லை, போனவர்களோடு பல வருடம் ஒரே பாரக்கில் படுத்தவன். அக்டோபர் 12 விடிவதற்கு முன் யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து 30 சீக்கிய வீரர்களை இறக்கினார்கள். ரேடியோவை ஒட்டுக்கேட்டுப் புலிகள் காத்திருந்தார்கள். 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். சண்டை போடப் போகிறோம் என்று நினைத்துக் கப்பல் ஏறியவர்கள் இல்லை அவர்கள். ஒப்பந்தம் ஆகிவிட்டது, ஆயுதத்தை வாங்கி வைப்பதுதான் வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். ராஜீவும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவும் ஜூலை 29 கையெழுத்துப் போட்டபோது அந்தக் காகிதத்தில் புலிகளின் கையெழுத்து கிடையாது, அந்தப் பிழைக்கு விலை கொடுத்தது சாதாரண சிப்பாயும் ஊர்ச் சனமும். 32 மாதத்தில் ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் போனார்கள். செத்த சனத்துக்கு அப்படி ஒரு கணக்குகூட இல்லை. 1990 மார்ச்சில் மிச்சம் பேர் சென்னையில் வந்து இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் போகவில்லை. தமிழ்ச் சிப்பாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அங்கேயும் துரோகி, இங்கேயும் துரோகி.

சிவகங்கைக்காரன்:
ஹவில்தார் ஐயா, பனங்கூடல் அக்கா, நன்றி. பெரியம்மாவிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று சொன்னார், ஊருக்குத் திரும்பிய முதல் ராத்திரி பெரியப்பா, "அங்கேயும் என்னை அண்ணான்னுதான் கூப்பிட்டாங்க" என்றாராம்.