பாழடைந்த மாளிகையின் சுவர்ப்பூச்சைப் பதிவு செய்ய ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் பழைய மாளிகை ஒன்றை, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன் அளந்து, படமெடுத்துப் பதிவு செய்து வருகிறேன். கூடத்துத் தூண்களின் உச்சியில் கொடியும் இலையுமாக அமைந்த சுதை வேலைப்பாடு இன்னும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதற்கு நேர் கீழே சுவரில் வெள்ளை உப்புப் பூத்து, விரல் பட்டாலே பூச்சு மாவாக உதிர்கிறது.

இடையில் எப்போதோ யாரோ சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும் என்பதால், சேதத்துக்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். (இன்று வழக்கமாகப் பயன்படும் சிமென்ட் வகையான போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824-இல்தான், எனவே பூச்சின் வகை காலத்தைக் கணிக்கவும் ஓரளவு உதவும்.) அந்தச் சிமென்ட்டை உளியால் மெல்லப் பெயர்த்தெடுக்கலாமா, அல்லது பழைய பூச்சும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் தொடாமல் விடுவதே நல்லதா?

ஒரு மூலையில் வெள்ளையடிப்பு உரிந்த இடத்தில் நீலநிறப் பட்டை ஒன்று எட்டிப்பார்க்கிறது. அதைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை. கைவிளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் படமெடுத்தபோது தூரிகைத் தடங்கள் மேடாகத் தெரிந்தன. சுவரைத் தொடாமலேயே அடியிலுள்ள ஓவியத்தைப் பதிவு செய்ய வேறு வழிகள் உண்டா? மாடியின் மரத்தளத்தைக் கரையான் அரித்திருப்பதால் நான் இன்னும் மேலே ஏறவில்லை. உத்தரங்களின் வலிமையைக் கீழிருந்தே சோதிக்கும் முறையை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.