உங்கட கிராபிக்ஸ் கார்ட் எந்தக் கேமில கைவிரிச்சது?

கிளிநொச்சி, திருத்துற கடைக்காரன்:
பள்ளிக்கூட லீவு விட்டால் பெடியள் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்திடுவாங்கள். "அண்ணை, கேம் திறக்குது, உடன மூடுது." கழட்டிப் பாத்தால் கார்டில ஒரு பழுதும் இராது. ஃபான் சுத்தும், படம் வரும், யூரியூப் ஓடும். வின்டோசில டிஎக்ஸ்டயக் எண்ட சோதிக்கிற புரோகிராமைத் திறந்தால் டைரக்ட்எக்ஸ் 12 எண்டு வடிவாக் காட்டும். டைரக்ட்எக்ஸ் எண்டது கேம் கார்டோட பேசுற வின்டோஸ் பாஷை மாதிரி. அதைப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாறுறது. அந்த 12 வின்டோசில இருக்கிற பதிப்பு. கார்டுக்கு என்ன ஏலும் எண்டது டிஸ்பிளே பக்கத்தில, 'ஃபீச்சர் லெவல்ஸ்' எண்ட வரியில கிடக்கு. அதில கூடின இலக்கம் 11_0 எண்டு நிண்டால், 12_0 கேக்கிற கேம் ஓடாது. டிரைவர் மாத்தியும் பிரயோசனமில்லை. இதைத் தகப்பன்மாருக்கு விளங்கப்படுத்திறதுதான் எனக்குப் பெரிய வேலை. "பழுதில்லாத சாமானை ஏன் மாத்தச் சொல்லுறாய்?" எண்டு கேப்பினம். நியாயமான கேள்விதான்.

புதுக்குடியிருப்பு:
எங்களுக்கு இந்தத் தலையிடி இருக்கேல்லை. மீளக் குடியேறி, கரண்டும் வந்தாப் பிறகு மாமா ஒரு பழைய பிஎஸ்2 கொண்டு வந்தவர், கன்சோல் எண்டு சொல்லுற, ரிவியில கொழுவி விளையாடுற கேம் பெட்டி. தட்டைப் போட்டால் விளையாட்டு, அவ்வளவுதான். 2000 இல வந்த பெட்டி. 32 எம்பி மெமரி, படத்துக்கு எண்டு தனிய 4 எம்பி. 2007 இல வந்த கோட் ஒஃப் வோர் 2 அதிலயே ஓடினது! பெட்டி வந்த நேரம் கொம்பியூட்டர் பக்கம் டைரக்ட்எக்ஸ் 7. அந்தக் கேம் வரேக்க 10 வந்திட்டுது, அதுவும் விஸ்டா எண்ட புது வின்டோஸ் போட்டவைக்கு மட்டும். பழைய எக்ஸ்பி வச்சிருந்தவை பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

வவுனியா, கேம் செய்யிறவன்:
நான் மற்றப் பக்கத்தில நிக்கிறன். வீட்டில இருந்து ஒரு சின்னக் குழுவோட கேம் செய்யிறம். கொம்பியூட்டருக்குச் செய்யேக்க முதல் கேள்வி, எந்தப் பழைய கார்ட்காரரைக் கைவிடுறது எண்டதுதான். 2009 இல வந்த டைரக்ட்எக்ஸ் 11 ஐ நாங்கள் இன்னும் பிடிச்சுக்கொண்டிருக்கிறது அதாலதான். பழசையும் விடாமல் புதுசுக்கும் போனால் ஒரே வெளிச்சத்தை, ஒரே நிழலை ரெண்டு விதமா எழுதி, ரெண்டையும் சோதிக்கோணும். சோதிக்கிறதுக்கு என்னட்ட எங்க அத்தனை கார்ட்? ஒவ்வொரு கார்டும் வேற வேற எண்டதால ஷேடரை, அதாவது வெளிச்சம் நிழல் கணக்குப் போடுற சின்னப் புரோகிராமை, விளையாடுறவரின்ர மெசினில வச்சுத்தான் கம்பைல் பண்ணோணும், அந்தக் கார்டுக்கு விளங்கிற மாதிரி மாத்தோணும். சண்டை நடக்கேக்க படம் ஒருக்கா இழுபட்டு நிக்கும் பாருங்கோ, கனதரம் அதாலதான். கன்சோலில எல்லாருக்கும் ஒரே சிப். கம்பைல் பண்ணியே தட்டில போட்டுக் குடுக்கலாம்.

அதுக்காகக் கன்சோல் சொர்க்கம் எண்டு நினைக்காதேங்கோ. கொம்பியூட்டரில மாற்றம் வாய்க்கால் தண்ணி மாதிரி எப்பவும் ஓடிக்கொண்டிருக்கும். கன்சோலில கன வருசத்துக்கு ஒருக்காத்தான், ஆனா இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த மாதிரி ஒரேயடியா. பிஎஸ்3 இன்ர செல் சிப்புக்கு எண்டு கஷ்டப்பட்டு எழுதினது 2013 இல பிஎஸ்4 வந்தோட அப்பிடியே நிண்டுபோச்சு. பிஎஸ்3 தட்டு பிஎஸ்4 இல ஓடாது.

கடைக்கார அண்ணைக்கு ஒரு விசயம். புதுத் தரம் வந்த அண்டைக்கே பழைய கார்ட் சாகிறதில்லை. ரே ட்ரேசிங், அதாவது வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறதை உண்மை மாதிரிக் கணக்குப் போடுறது, டைரக்ட்எக்ஸுக்கு வந்தது 2018 இல. அப்ப கூடுதலாய் அது விரும்பினால் போடுற ஒரு சுவிச். 2020 இல பிஎஸ்5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் ரெண்டிலயும் அது வந்தது. பிறகு கொம்பனியள் பிஎஸ்4 ஐக் கைவிடத் தொடங்க, கொம்பியூட்டரிலயும் கேம் கேக்கிற ஆகக்குறைஞ்ச தரம் ஏறிட்டுது. 2024 டிசம்பரில வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே ட்ரேசிங் உள்ள கார்ட் கட்டாயம் எண்டே போட்டவை. கன்சோல்காரர் எப்ப பழைய பெட்டியை விடுகினம் எண்டு பாருங்கோ, அதுதான் எங்கட கார்டுக்கும் நாள்.

மாங்குளம்:
அப்ப என்ர கார்டை வித்திடட்டே, அண்ணை? 2 ஜிபி.

கிளிநொச்சி, திருத்துற கடைக்காரன்:
ஜிபியைச் சொல்லாதையும் தம்பி. ஃபீச்சர் லெவல்ஸ் வரியைப் படமெடுத்து அனுப்பும். 12_0 இருந்தால் வச்சுக்கொள்ளும், அதை வித்து வாற காசுக்கு வேற நல்லது கிடையாது.