மெமரி கார்டு காலை வாரிய அனுபவம் யாருக்காவது உண்டா? (சேலம், ஏற்காடு பக்கம்)

குகைத்தெரு:

போன ஆடி. சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை, சாமி வேஷம் கட்டி ஜோடித்த வண்டிகளில் வரும் ஊர்வலம். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். எங்கள் சித்தப்பா முருகன் வேஷம் கட்டி, மயில் ஜோடித்த வண்டியில் நின்றார். பல வருஷ ஆசை அவருக்கு. படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. கேமராவில் புதிதாக வாங்கிய 128 ஜிபி கார்டு. ராத்திரி பதினொன்றரை வரை எடுத்தேன். ஒவ்வொரு படமும் எடுத்தவுடனே திரையில் பளிச்சென்று வந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் காலை சித்தி, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் லேப்டாப் முன்னால். ஃபைல் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 24, 25 எம்பி என்று காட்டுகிறது. முதல் 300 படம் சரியாக வந்தது. அதற்கப்புறம் ஒன்றுகூடத் திறக்கவில்லை, வெறும் சாம்பல் நிறக் கட்டம். சித்தப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்று, "அடுத்ததைப் பாரு கண்ணு, அடுத்ததைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் கார்டின் நிஜக் கொள்ளளவைச் சோதிக்கிற எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது 8 ஜிபி. மேலே ஒட்டியிருந்தது பெரிய கம்பெனி பெயரும் 128 என்ற எண்ணும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

சின்னான்தேடி:

என் கார்டு போலி இல்லை, அசல்தான். ஆனாலும் போச்சு.

மஞ்சள்தொண்டைச் சின்னானுக்காக மூன்று நாள் விடியற்காலையில் ஏற்காடு மலைப் பாறைச் சரிவில் உட்கார்ந்திருந்தேன். தென்னிந்தியப் பாறை மலைகளை விட்டால் இந்தக் குருவி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மூன்றாம் நாள் ஆறே முக்காலுக்கு உண்ணிச் செடியில் வந்து உட்கார்ந்தது. முதுகைத்தான் காட்டியது. ஆசையில் விரலை எடுக்காமல் அழுத்திவிட்டேன், இருபது படம் ஓடியது. அதற்கப்புறம்தான் திரும்பியது. மஞ்சள் தொண்டை, அலகில் ஒரு கறுப்புப் பழம், முகத்தில் நேர் வெயில். நான் அழுத்துகிறேன், கேமரா எடுக்க மாட்டேன் என்கிறது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு ரா (கேமரா பதப்படுத்தாத) படம் 25 எம்பி, இருபதுக்கு 500 எம்பி. என்னிடம் இருந்தது பழைய கிளாஸ் 10 கார்டு, நிஜத்தில் வினாடிக்கு 15 எம்பிதான் எழுதும். கேமராவின் சொந்த நினைவு நிரம்பிவிட்டது, அது காலியாக முப்பத்து மூன்று வினாடி. குருவி இருந்தது பத்து வினாடி.

ஐந்துரோடு:

குகைத்தெரு தம்பி, வருத்தம் புரிகிறது. ஆனால் "திரையில் வந்தது, அதனால் சந்தேகம் வரவில்லை" என்பதை ஏற்க முடியாது. எடுத்தவுடன் காட்டுகிற படம் கேமராவின் சொந்த நினைவிலிருந்து வருவது. கார்டில் ஏறியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நடுவில் ஒரு தடவை கேமராவை அணைத்துப் போட்டு, பிளே பட்டனை அழுத்திப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நானும் ஒரு ரிசப்ஷனைத் தொலைத்தவன்தான், செவ்வாய்பேட்டையில். அதைப் பேச இன்றைக்கும் மனம் வராது.

பொதுவாகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாங்குகிறவர்களுக்கு உதவும். கார்டின் முகத்தில் பெரிதாக 170, 200 என்று போட்டிருப்பது படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம், அது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அதனால் அந்தப் பெரிய எண்ணை விட்டுவிட்டுச் சின்னக் குறிகளைப் பாருங்கள். யூ என்ற எழுத்துக்குள் 1 இருந்தால் வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி, 3 இருந்தால் 30. வி30, வி60, வி90 என்றால் அந்த எண்ணே குறைந்தபட்ச வேகம். வீடியோ எடுப்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். கேமராவில் 100 என்று போட்டிருப்பது மெகாபிட், கார்டில் இருப்பது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு 12.5 எம்பி போதும். வி30 கார்டு தாராளமாகத் தாங்கும், வி90க்குக் காசைக் கொட்ட வேண்டாம். அடுத்தது, பின்பக்கம் இரண்டு வரிசைப் பொன்னிறப் பட்டை இருக்கிற கார்டு யூஎச்எஸ்-2 என்கிற வேகமான வகை. ஒரு வரிசை மட்டும் படிக்கிற கேமராவில் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் வேகம் வினாடிக்கு 104 எம்பியைத் தாண்டாது. சின்னான்தேடி, நீங்கள் புதுக் கார்டு வாங்கும் முன் கேமரா எதை ஏற்கும் என்று புத்தகத்தைப் பாருங்கள். அப்புறம், கல்யாணத்துக்கு 128 ஒன்றுக்குப் பதில் 64 இரண்டு. ஒன்று போனாலும் தாலி கட்டியதாவது மிஞ்சும்.

சின்னான்தேடி:

ஐந்துரோடு சார், புத்தகம் பார்த்துவிட்டுத்தான் மாற்றினேன். எழுதும் வேகம் எண்பதைத் தொடுகிற கார்டு இப்போது. குருவி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

காப்பித்தோட்டம்:

எங்களுக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. தோட்டத்தில் மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தில் ஒரு டிரெயில் கேமரா (அசைவு தெரிந்தால் தானாகப் படம் எடுப்பது) கட்டியிருக்கிறோம். ராத்திரியில் காட்டெருமை இறங்கி வருகிறது, எந்தப் பக்கமாக வருகிறது என்று தெரிந்தால் வேலியைச் சரி செய்யலாம் என்று. அடிக்கடி போய்க் கார்டை எடுக்க முடியாது, அதனால் பெரிதாகவே இருக்கட்டும் என்று மகன் 128 ஜிபி வாங்கிப் போட்டான். ஒன்பது நாள் கழித்துப் போனேன். கேமராவுக்கு நேர் எதிரே, நாலடி தூரத்தில், ஈர மண்ணில் என் உள்ளங்கையைவிடப் பெரிய குளம்புத் தடம். ஒன்று இரண்டு இல்லை, நிறைய. கன்றுக்குட்டித் தடமும் இருந்தது. கேமராவைத் திறந்தால் "கார்டு எரர்". ஒன்பது நாளாக அதையேதான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

எங்களுடையது பழைய மாடல், எஸ்டிஎச்சி வகைக் கார்டு மட்டும் படிக்கும். எஸ்டிஎச்சி என்றால் 32 ஜிபியோடு சரி. அதற்கு மேலே எஸ்டிஎக்ஸ்சி, உள்ளே ஃபைல்களை அடுக்குவது எக்ஸ்ஃபேட் முறை. பார்க்க இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம், ஓட்டையில் கச்சிதமாக உட்காரும். அதனால்தான் ஏமாந்தோம். பெரிய கார்டைப் பழைய ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தால் சில பழைய கருவிகள் ஏற்றுக்கொள்ளும், எங்களுடையதில் அதுவும் நடக்கவில்லை. இப்போது 32 போட்டிருக்கிறோம். மாட்டியதும் ஒரு தடவை கையை ஆட்டி, படம் விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் மரத்தை விட்டு நகர்கிறேன்.

அடிவாரம்:

ஐந்துரோடு அண்ணா வி30, வி90 என்று இவ்வளவு எழுதினார். என் டேஷ்கேமில் (காரில் சாலையைப் பதிவு செய்யும் கேமரா) இருந்ததும் நல்ல வி30தான், பில்லோடு வாங்கியது. வேகம் காப்பாற்றவில்லை.

ஏற்காடு சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினொன்றாவது. மேலே இருந்து வந்த கார் என் பாதைக்குள் ஏறி வந்து கதவைக் கீறிவிட்டுப் போனது. ஆள் இறங்கி, தப்பு என்மேல்தான் என்று சத்தம் போட்டார். "கேமராவில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்று தைரியமாகச் சொன்னேன். அவர் முன்னாலேயே ஓட்டினேன். வந்தது ஐந்து வாரத்துக்கு முந்தைய வீடியோ. சேலம் ஐந்துரோடு சிக்னலில் மழையில் நிற்கிற என் வண்டி. அதற்குப் பிறகு எதுவுமே பதிவாகவில்லை.

வீட்டில் அந்தக் கார்டை ஃபார்மட் செய்தேன். முடிந்தது என்று வந்தது. எடுத்துத் திரும்பச் சொருகினால் அதே மழை, அதே சிக்னல். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் திரும்பி வந்தது. கார்டுக்குள் தகவல் பதிகிற ஒவ்வொரு செல்லிலும் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. டேஷ்கேம் நாள் முழுக்க அழித்து அழித்து எழுதுகிறது. ஆயுள் முடிந்ததும் சில கார்டுகள் படிக்க மட்டும் விட்டு, எழுதுவதை நிறுத்திவிடும். டேஷ்கேமுக்கும் சிசிடிவிக்கும் ஹை எண்டூரன்ஸ் என்றே தனிக் கார்டு இருக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கிய பிறகும் மாதம் ஒரு தடவை கடைசி வீடியோவின் தேதியைப் பாருங்கள்.

ஐந்துரோடு:

அடிவாரம் தம்பி சொல்வது நியாயம். டேஷ்கேமைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

குகைத்தெரு:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஐந்துரோடு அண்ணா, நடுவில் பிளே அழுத்திப் பார்த்திருக்க வேண்டும் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது, கூட்டம் தள்ளுகிறது, சித்தப்பா வேலாயுதத்தைத் தூக்கிப் பிடித்து என்னைத்தான் பார்க்கிறார். அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. பார்க்க வேண்டியது வாங்கிய அன்று, வீட்டில். புதிதாக வாங்கிய 64 ஜிபி கார்டை முழுக்க எழுதி, முழுக்கத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆனது. என்னை ஏமாற்றிய கார்டும் பில்லோடுதான் வந்தது, அதனால் பில்லை மட்டும் நம்பாதீர்கள்.

படங்களை மீட்கிற ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டச் சொல்லித் தனியாக ஒருவர் எழுதியிருந்தார். ஓட்டினேன், ஒன்றும் வரவில்லை. அழிந்த படம் என்றால் மீட்கலாம், இதில் படம் எழுதப்படவே இல்லை.

அந்த முதல் 300 படமும் வீட்டில் அரிதாரம் பூசியபோது எடுத்தவை. அதில் ஒன்றில் சித்தப்பாவுக்கு ஒரு கண்ணில் மை எழுதியாகிவிட்டது, இன்னொரு கண் வெறுமையாக இருக்கிறது. சித்தி அதைத்தான் பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்.