நெதர்லாந்தின் சின்டர்கிளாஸ் மாலை: பள்ளிக்கான பரிசையும் கவிதையையும் எப்படித் தயாரிப்பது?

கேள்வி

வணக்கம். நாங்கள் நெதர்லாந்தில் குடியேறியபின் வரும் முதல் குளிர்காலம் இது. ஒன்பது வயது மகளின் வகுப்பில் சீட்டுக் குலுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு மாணவரின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி அந்த மாணவருக்கு ஒரு சிறு பரிசும், அதை ஒளித்து வைக்கக் கையால் செய்த ஒரு பொருளும், ஒரு கவிதையும் கொண்டுவர வேண்டுமாம். பரிசை வாங்கிவிடலாம், மற்ற இரண்டுக்கும் இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? சின்டர்கிளாஸுடன் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி வரும் உதவியாளர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதால், வார இறுதியில் நடக்கும் அவருடைய வரவேற்பு ஊர்வலத்துக்கு மகளை அழைத்துச் செல்லவும் தயங்குகிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

சின்டர்கிளாஸ் என்பவர், இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரின் ஆயராக நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித நிக்கோலாஸ். அவருடைய நினைவு நாள் டிசம்பர் 6 என்றாலும், நெதர்லாந்தில் அதற்கு முந்தைய மாலையே பரிசு மாலையாகக் கொண்டாடப்படுகிறது. பெல்ஜியத்தில் 6-ஆம் தேதி காலையில்தான் பிள்ளைகள் பரிசைத் தேடுவார்கள். அமெரிக்காவின் சாண்டா கிளாஸ் இவரிலிருந்து உருவானவர்தான். ஆயினும் செங்கோலும் உயர்ந்த ஆயர் தொப்பியும் வெள்ளைக் குதிரையுமாக வரும் இவரை டச்சுக்காரர்கள் கிறிஸ்துமஸோடு கலப்பதில்லை.

வழக்கம் மிகப் பழையது. 1660-களில் யான் ஸ்டேன் வரைந்த ஓவியம் ஒன்று ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாய்ப்பு அமைந்தால் மகளுக்குக் காட்டுங்கள். பொம்மை கிடைத்த சிறுமி அதை இறுக அணைத்திருக்க, பரிசுக்காக வைத்திருந்த காலணியில் பிரம்பைக் கண்ட அண்ணன் அழுதுகொண்டிருக்கிறான். பின்னால் நிற்கும் பாட்டியோ, அவனுக்கும் ஏதோ ஒளித்து வைத்திருப்பதுபோல் திரையருகே கையசைத்து அழைக்கிறார். பரிசைவிட அதை ஒளித்து வைப்பதில்தான் இந்த விழாவின் உயிர் இருக்கிறது என்பதை அந்தக் கையசைப்பே சொல்லிவிடுகிறது.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியை முழுமையாக ஏற்கிறேன். பரிசை மறைக்கும் பொருளைச் 'சுர்ப்ரீஸ' என்பார்கள். அது பெறுபவரின் விருப்பத்தைக் காட்ட வேண்டும்: கால்பந்து பிடித்த பையனுக்கு, ஊதிய பலூன்மேல் காகிதத் துண்டுகளைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி உலரவைத்து, உள்ளே பரிசை வைத்து மூடி வண்ணம் தீட்டினால் அருமையான பந்து கிடைத்துவிடும். அவன் அதை உடைத்துத்தான் பரிசை எடுப்பான் என்பதை மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உலர்வதற்கு நேரம் பிடிக்கும். கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கவிதை இரண்டிரண்டு அடிகளாக, அடியிறுதி ஒலி ஒத்துவரும் இயைபோடு அமைந்தால் போதும். பரிசைப் பிரிக்குமுன் பெறுபவரே அதை எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும் என்பதால், அவருடைய பழக்கவழக்கங்களை அன்போடு கேலி செய்யலாமே தவிர, மனம் புண்படும்படி ஒரு சொல்லும் வரக்கூடாது. கீழே மகளின் பெயரை எழுதாமல் 'சின்ட்' (சின்டர்கிளாஸ் என்பதன் சுருக்கம்) என்றே ஒப்பமிட வேண்டும். கொடுத்தவர் மறைந்திருப்பதால்தான், நேரில் சொல்லத் தயங்கும் பாராட்டையும் செல்லக் கண்டிப்பையும் பெரியவர்கள்கூட இந்த மாலையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கிய பொருளால் இது நடக்காது. ஆகவே கவிதைக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

மறுமொழி 3

ஊர்வலத்தைப் பற்றி: சின்டர்கிளாஸ் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வருவதையும் அவருடைய கறுப்பினப் பணியாளரையும் பரப்பியது, யான் ஸ்கென்க்மன் என்ற ஆசிரியர் 1850-இல் வெளியிட்ட சிறுவர் நூல். அந்தப் பணியாளர் உருவம் இனவெறியைச் சுமந்திருப்பதாக எழுந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து. பல ஆண்டுப் போராட்டத்துக்குப்பின், தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் தேசிய வரவேற்பில் 2019 முதல், புகைபோக்கிக் கரி கன்னத்தில் தீற்றிய 'பீட்'கள் (அந்த உதவியாளர்களின் பெயர்) மட்டுமே வருகிறார்கள். உள்ளூர் ஊர்வலங்களை அந்தந்த ஊர்க் குழுக்களே நடத்துவதால், உங்கள் ஊர் வழக்கத்தைப் பள்ளியில் கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.

ஊர்வலத்துக்குப்பின் ஓர் இரவு, குதிரைக்கு ஒரு கேரட்டை வைத்து, மகளின் காலணியைக் கணப்பருகிலோ கதவருகிலோ வைக்கச் சொல்லுங்கள். அவள் உறங்கியதும் கேரட்டை எடுத்துவிட்டு, சிறு மசாலா பிஸ்கட்டுகளையும் அவள் பெயரின் முதலெழுத்து வடிவச் சாக்லேட்டையும் வையுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால், சுர்ப்ரீஸ செய்யும் வேலையை அவர்கள் உறங்கியபின் வைத்துக்கொள்ளுங்கள். சின்ட் உண்மையில் வருகிறார் என்று நம்பும் வயதில் அவர்கள் இருப்பார்கள்.