அவர் இறந்துவிட்டார் என்பது தெரியாமல் நான் கேட்ட ஜிம் ரீவ்ஸ்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கொழும்பில் எழுதுவினைஞராக வேலை பார்த்த என் பெரியப்பா, விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும்போதெல்லாம் ஒரு கேசட் ரேடியோவையும் இலங்கை வானொலியின் ஆங்கில சேவையிலிருந்து தாமே பதிவு செய்த ஒலிநாடாக்களையும் கொண்டுவருவார். அவற்றில் மூன்று முழுவதும், 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் பாடகர் ஜிம் ரீவ்ஸின் பாடல்கள். ஆங்கிலம் அறியாத பெரியம்மா ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "இந்தாள் ஏன் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கக்கூடாது எண்ட மாதிரிப் பாடுறார்?" என்று கேட்டார். அடுத்த புதுப் பாட்டு எப்போது வரும் என்பதுதான் என் கேள்வி. "அந்தாள் செத்துக் கன காலம், தம்பி" என்றார் பெரியப்பா. அதை நான் அன்று நம்பவில்லை.

பெரியம்மாவின் கேள்விக்கு விடை கிடைக்க எனக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. டெக்சஸில் 1923இல் பிறந்த ரீவ்ஸ், பேஸ்பால் வீரராக வர முயன்று, காயத்தால் அது கைகூடாமல் வானொலி அறிவிப்பாளரானவர். 1953இல் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த 'மெக்சிகன் ஜோ'வை இன்று கேட்டால் வேறொருவர் பாடுகிறார் என்றே தோன்றும். அரங்கின் கடைசி வரிசைவரை எட்ட வேண்டும் என்று உரக்கப் பாடும் துள்ளலான குரல் அது. 1957இல் 'ஃபோர் வால்ஸ்' பாடலைப் பதிவு செய்தபோதுதான் அவர் குரலைத் தாழ்த்தி, உதடு ஒலிவாங்கியைத் தொடும் அளவுக்கு நெருங்கி நின்று, எதிரே ஒரே ஒருவர் இருப்பதைப்போலப் பாடினார். வானொலி நிலையத்தில் நெடுங்காலம் ஒலிவாங்கியோடு பழகியவருக்கு அது கைவந்த வித்தையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் அந்தக் குரலுக்கு இடம்விட்டு, பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒதுக்கி, பியானோவையும் பின்னணிக் குரல்களையும் மெல்லச் சேர்த்தார். நாஷ்வில் பாணி என்று பின்னர் பெயர்பெற்ற மென்மையான நாட்டுப்புற இசை உருவானதில் இந்தப் பதிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த முறையின் உச்சம், 1959 அக்டோபரில் பதிவான 'ஹீல் ஹேவ் டு கோ'. மதுக்கடையிலிருந்து காதலியைத் தொலைபேசியில் அழைக்கும் ஒருவன், அவளருகே இன்னொருவன் இருப்பதை அறிந்தும் குரலை உயர்த்தாமல் பேசும் பாட்டு. மறுமுனையில் அவள் சொல்வது நமக்குக் கேட்பதே இல்லை. ஜோ அலிசன், ஆட்ரி அலிசன் என்ற தம்பதியர் எழுதிய இதை முதலில் பாடியவர் பில்லி பிரவுன் என்றாலும், அந்தப் பதிவு எடுபடவில்லை. ரீவ்ஸின் பதிவும் இசைத்தட்டின் மறுபக்கத்தில்தான் வெளியானது. ஆனால் வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1960இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் பட்டியலில் பதினான்கு வாரம் முதலிடத்திலும், பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம்வரையிலும் அது சென்றது. காதலியின் தரப்புப் பதிலாக, 'ஹீல் ஹேவ் டு ஸ்டே' என்று ஜீன் பிளாக் பாடிய பாட்டும் அதே ஆண்டு வெற்றி பெற்றது.

1964 ஜூலை 31 அன்று, தாமே ஓட்டிவந்த சிறு விமானம் இடிமழையில் நாஷ்வில் அருகே விழுந்து, பியானோக் கலைஞர் டீன் மானுவலுடன் ரீவ்ஸும் இறந்தார். நாற்பத்தொன்று நிறைய மூன்று வாரங்கூட இல்லை. தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று. ஆயினும் அவருடைய பாடல்கள் ஆண்டுதோறும் வெளிவந்துகொண்டே இருந்தன என்பதால், புதுப் பாட்டுக்காகக் காத்திருந்த சிறுவன் அப்படி ஒன்றும் முட்டாள் அல்லன்.

மறுமொழி:

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு ரொறன்ரோவில் நேர்ந்தது நினைவுக்கு வந்தது. பழைய இசைத்தட்டுக் கடையொன்றில், ரீவ்ஸும் நாட்டுப்புறப் பாடகி பாட்சி கிளைனும் இணைந்து பாடிய தட்டைக் கண்டு, இருவரும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பாடியிருப்பார்கள் என்று எண்ணி மகிழ்ச்சியோடு வாங்கிவந்தேன். இருவரும் தனித்தனியே பாடிய பதிவுகளிலிருந்து குரல்களை மட்டும் பிரித்தெடுத்து, புதிய இசையோடு 1981இல் கோத்த பாட்டு அது என்பதும், கிளைன் 1963இலேயே விமான விபத்தில் மறைந்தவர் என்பதும் பின்னரே தெரிந்தன. திறமையான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் மூச்சு விடும் இடத்தை மற்றவர் அறியாமல் பாடுவது எனக்குக் கேட்கிறது. அந்தத் தட்டை இரண்டாம் முறை போடவில்லை.

முதலில் எழுதியவரின் பதில்:

அந்த இணைப்புப் பாட்டைப் பற்றி உங்கள் கருத்தே என் கருத்தும். ஆனால் பிற்சேர்க்கை எல்லாவற்றையும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' அப்படிப் பிழைத்த பாட்டு. பாடலை எழுதிய சிண்டி வாக்கருக்காக ரீவ்ஸ் பாடிக்கொடுத்த பதிவின்மேல், அவர் இறந்த பிறகு வாத்திய இசை சேர்க்கப்பட்டது. 1966இல் பிரித்தானியாவில் அது ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. பெரியப்பாவின் மூன்றாவது ஒலிநாடாவில் முதல் பாட்டும் அதுவே.